இஸ்ரேல் செய்தி ஊடகங்கள்: எது யார் பக்கம்? எந்த விஷயத்தில் எதை நம்பி எடுக்கலாம்?

கேள்வி: மேற்குத்திசை

மேற்காசியச் செய்திகளைத் தமிழில் சுருக்கித் தரும் சிறிய குழு எங்களுடையது. ஹீப்ரு யாருக்கும் தெரியாது. டைம்ஸ் ஆஃப் இஸ்ரேல், ஹாரெட்ஸ், ஜெருசலேம் போஸ்ட், ஒய்நெட் ஆகியவற்றின் ஆங்கிலப் பக்கங்களை வைத்துத்தான் ஓட்டுகிறோம். ஒரே சம்பவத்துக்கு நாலு தலைப்பு, நாலு தொனி. குழுவில் ஒருவர், "ஹாரெட்ஸ் மட்டும்தான் சுதந்திரமானது, மற்றதெல்லாம் அரசின் ஊதுகுழல்" என்கிறார். இன்னொருவர், "எல்லாமே ராணுவத் தணிக்கை தாண்டி வருவது, எதையும் தொடாதே" என்கிறார். இரண்டுமே சரியாகப் படவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: யார் முதலாளி, அது செய்தியை எங்கே தொடுகிறது? தணிக்கை நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? நாங்கள் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்? "எல்லாரும் அப்படித்தான்" வகைப் பதில் வேண்டாம்.

---

பதில்: அச்சுக்கூடம்

நண்பரே, சாய்வையும் சார்பின்மையையும் முதலில் தனித்தனியாக வையுங்கள். ஹாரெட்ஸ் தன் இடதுசாரி தாராளவாதச் சாய்வை மறைப்பதில்லை. யெடியோத் அஹ்ரோனோத் நடுவழி ஜனரஞ்சகப் பத்திரிகை என்று பெயரெடுத்தது. ஆனால் பிரதமரோடு செய்தியை வைத்துப் பேரம் பேசினார் என்று லஞ்ச வழக்கில் நிற்பவர் யெடியோத்தின் முதலாளிதான். சாய்வு வாசகன் கண்ணுக்குத் தெரியும், பேரம் தெரியாது.

அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இஸ்ரேல் பத்திரிகைச் சந்தை மொத்தமும் அதில் இருக்கிறது. 2007 ஜூலையில் அமெரிக்கச் சூதாட்ட விடுதி அதிபர் ஷெல்டன் அடெல்சன் இஸ்ரேல் ஹயோம் என்ற நாளிதழைத் தொடங்கினார். முழுக்க இலவசம். ரயில் நிலையம், தெருமுனை, பெட்ரோல் பங்க் என்று கையில் திணித்தார்கள். 2010 வாக்கில் வார நாட்களில் அதிகம் வாசிக்கப்படும் தாள் அதுவாகிவிட்டது. நெதன்யாகுவுக்கு வெளிப்படையான ஆதரவு என்பதால் 'பீபி' என்ற அவர் செல்லப்பெயரைச் செய்தித்தாளைக் குறிக்கும் ஹீப்ருச் சொல்லோடு சேர்த்து 'பீபிட்டோன்' என்றே அதை அழைத்தார்கள். காசு கொடுத்து வாங்கும் யெடியோத்துக்கு விளம்பரமும் போனது, வாசகரும் போனார்.

2014 இறுதியில் நெதன்யாகுவும் யெடியோத் முதலாளி அர்னோன் மோசஸும் பேசியது நெதன்யாகுவின் முன்னாள் தலைமை அதிகாரி அரி ஹாரோவின் கருவியில் பதிவாகியிருந்தது. யெடியோத்தில் பிரதமருக்குச் சாதகமான செய்தி, பதிலுக்கு இஸ்ரேல் ஹயோமைக் கட்டுப்படுத்தும் சட்டம். இதுதான் '2000-ஆம் வழக்கு' என்று அழைக்கப்படுவதன் சாரம். அந்தச் சட்ட மசோதா 2014 நவம்பரில் முதற்கட்ட வாக்கெடுப்பில் 43-23 என்று தேறியது. நெதன்யாகு எதிர்த்தே வாக்களித்தார். அடுத்த மாதமே நாடாளுமன்றம் கலைந்தது, மசோதாவும் போயிற்று. இருவரும் குற்றத்தை மறுக்கிறார்கள்.

'4000-ஆம் வழக்கு' இன்னும் கூர்மையானது. பெஸெக் தொலைபேசி நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த ஷவுல் எலோவிச்சிடம்தான் வல்லா செய்தித் தளமும் இருந்தது. தொலைத்தொடர்புத் துறையைத் தன்னிடமே வைத்திருந்த நெதன்யாகு பெஸெக்குக்குப் பெரும் லாபம் தரும் முடிவுகளை எடுத்தார், பதிலுக்கு வல்லாவின் செய்திகள் அவர் குடும்பத்துக்கு ஏற்றபடி திருத்தப்பட்டன என்பது குற்றச்சாட்டு. குற்றப்பத்திரிகையின் இணைப்பில் இப்படியான 315 தலையீட்டுக் கோரிக்கைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. தலைப்பை மாற்றுவது, படத்தை எடுப்பது, செய்தியை முகப்பிலிருந்து கீழே இறக்குவது என்ற அளவுக்குச் சின்ன விஷயங்கள். வல்லாவின் தலைமை நிர்வாகியாக இருந்த இலன் யெஷுவா 2021 ஏப்ரலில் நீதிமன்றத்தில் இதையெல்லாம் விவரித்தார். இதில் லஞ்சக் குற்றத்தை நிரூபிப்பது கடினம் என்று நீதிபதிகளே 2023 ஜூனில் அரசுத் தரப்பிடம் சொன்னதையும் சேர்த்தே எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். 2024 டிசம்பர் 10 முதல் நெதன்யாகு சாட்சிக் கூண்டில் பதில் சொல்லத் தொடங்கினார்.

உங்கள் வேலைக்கு நேரடியாகத் தேவையானது இதுதான். ஜெருசலேம் போஸ்ட், மாரிவ், இப்போது வல்லா மூன்றும் எலி அசூர் குழுமத்துடையவை. யெடியோத், ஒய்நெட், வணிக நாளிதழ் கல்கலிஸ்ட் மூன்றும் மோசஸ் வீடு. ஹாரெட்ஸும் 'தி மார்க்கர்' என்ற வணிக நாளிதழும் ஷோக்கன் குடும்பத்தின் கை. "மாரிவும் ஜெருசலேம் போஸ்ட்டும் வல்லாவும் உறுதி செய்தன" என்று எழுதினால் மூன்று ஆதாரம் போலத் தெரியும். பல நேரம் அது ஒரே நிருபரின் ஒரே செய்தி மூன்று இடத்தில் ஓடுவது.

டைம்ஸ் ஆஃப் இஸ்ரேலில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. 2012-ல் டேவிட் ஹோரோவிட்ஸ் தொடங்கிய தளம். செய்திப் பகுதி கட்டுக்கோப்பாக இருக்கும், ஹீப்ரு ஊடகங்களில் வந்ததை யார் சொன்னது என்று குறிப்பிட்டே தரும். ஆனால் அதே பெயரில் 'பிளாக்ஸ்' என்று திறந்த பகுதி இருக்கிறது. அனுமதி பெற்றவர்கள் தாமே எழுதி ஏற்றலாம். முகவரியின் தொடக்கத்தில் 'பிளாக்ஸ்' என்று வந்தால் அது அந்தத் தளத்தின் செய்தி அல்ல. 2014 ஆகஸ்டில் இனப்படுகொலையை நியாயப்படுத்திய ஒரு பதிவு அப்படித்தான் ஏறியது. தளமே அதை நீக்கியது. ஆனாலும் "டைம்ஸ் ஆஃப் இஸ்ரேல் எழுதியது" என்று உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது.

---

பதில்: தெற்குவாசல்

தணிக்கை பற்றி மட்டும் எழுதுகிறேன். இதில் ஆளாளுக்கு ஒரு கற்பனை இருக்கிறது.

சட்ட அடிப்படை பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன 1945-ஆம் ஆண்டின் அவசரகாலப் பாதுகாப்பு விதிகள். பத்திரிகை ஆசிரியர்கள் குழுவுக்கும் ராணுவத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அதன் மேல் கட்டப்பட்டது, கடைசியாக 1996-ல் புதுப்பிக்கப்பட்டது. தணிக்கை அலுவலகம் ராணுவ உளவுப் பிரிவின் கீழ் இருக்கிறது. எல்லாச் செய்தியும் அங்கே போவதில்லை. பாதுகாப்பு, உளவு, ஆயுதம், அணுசக்தி, படை நடமாட்டம் போன்ற குறிப்பிட்ட தலைப்புகள் மட்டும் வெளியீட்டுக்கு முன் காட்டப்பட வேண்டும். அரசின் செய்தியாளர் அட்டை வாங்கும் வெளிநாட்டு நிருபர்களும் இதற்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டே வாங்குகிறார்கள்.

1989-ல் உச்ச நீதிமன்றம், ஷ்னிட்ஸர் வழக்கில், தணிக்கையின் கையைக் கட்டியது. நாட்டின் பாதுகாப்புக்குக் கிட்டத்தட்ட உறுதியான தீங்கு இருந்தால் மட்டுமே தடுக்கலாம், அதிகாரியைப் பற்றிய விமர்சனம் என்பதற்காகத் தடுக்க முடியாது. மொசாத் தலைவரை விமர்சித்த ஒரு டெல் அவிவ் வார இதழ்க் கட்டுரைதான் வழக்கின் பொருள். எழுத்தில் நல்ல தீர்ப்பு. ஆனால் போர் வந்தால் எண்ணிக்கை ஏறுகிறது. தகவல் உரிமைக் கோரிக்கை வழியாக +972 என்ற இணைய இதழ் வெளியிட்ட கணக்கு: 2023-ல் 613 செய்திகள் முழுதாகத் தடை, 2,703 செய்திகளில் பகுதி நீக்கம். 2024-ல் 1,635 முழுத் தடை, 6,265 பகுதி நீக்கம்.

வாசகனுக்கு வரும் உண்மையான சிக்கல், நீக்கிய இடத்தில் நீக்கியதாகக் குறிப்பிடவே கூடாது என்பது. வெற்றிடம் விடக் கூடாது, புள்ளி வைக்கக் கூடாது. செய்தி முழுசாக இருப்பது போலவே இருக்கும். அதனால் "இந்தச் செய்தி தணிக்கைக்குப் பிறகு வந்தது" என்று ஒவ்வொன்றுக்கும் கீழே நீங்கள் போட்டால் அது உங்களால் நிரூபிக்க முடியாத கூற்று. போடாதீர்கள்.

தடயம் வேறு விதத்தில் கிடைக்கும். "வெளிநாட்டு ஊடகங்களின்படி" என்ற தொடரைப் பாருங்கள். உள்நாட்டில் நேராகச் சொல்ல முடியாததை வெளியில் வந்த பிறகு மேற்கோளாகச் சொல்லும் வழி அது. 2007 செப்டம்பர் 6 அன்று சிரியாவின் அணு உலையைத் தாக்கியதை 2018 மார்ச் வரை இஸ்ரேல் பத்திரிகைகள் இப்படித்தான் எழுதின, பத்து ஆண்டுக்கு மேலாக. தாக்கியது யாரென்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2025 ஜூனில் ஈரான் ஏவுகணைகள் விழுந்தபோது எந்த ராணுவத் தளம் அடிபட்டது என்பது உள்நாட்டில் வரவில்லை. ஐந்து தளங்கள் என்று ரேடார் தரவுகளை வைத்துப் பிறகு எழுதியது லண்டன் டெலிகிராப்.

இந்த வழியைத் தலைகீழாகப் பயன்படுத்தவும் முடியும். பிணைக் கைதிகள் ஆறு பேர் ரஃபா சுரங்கத்தில் கொல்லப்பட்டுக் கிடந்தது தெரிந்து, 2024 செப்டம்பர் தொடக்கத்தில் ஒப்பந்தம் கேட்டுப் பெரும் போராட்டம் நடந்தது. அப்போது பிரதமர் அலுவலகத்துக்காக வேலை செய்த எலி ஃபெல்ட்ஸ்டைன் ஒரு ரகசிய ஹமாஸ் ஆவணத்தை முதலில் சேனல் 12 தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக முயன்றார், தணிக்கை அனுமதிக்கவில்லை, பிறகு அது ஜெர்மனியின் பில்ட் பத்திரிகைக்குப் போனது என்று அவர் மீதான வழக்கில் சொல்லப்படுகிறது. செப்டம்பர் 6 அன்று பில்ட் வெளியிட்டது. அடுத்த அமைச்சரவைக் கூட்டத்தில் நெதன்யாகு அதையே எடுத்துக் காட்டினார். நவம்பரில் ஃபெல்ட்ஸ்டைன் மீது குற்றப்பத்திரிகை. ஆகவே "வெளிநாட்டுப் பத்திரிகை சொல்லிவிட்டது, அப்படியானால் சுதந்திரமான தகவல்" என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் தாள் எந்த வழியாக அங்கே போயிற்று, அன்றைக்கு அது யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று: நீதிமன்றத்தின் வெளியீட்டுத் தடை வேறு, ராணுவத் தணிக்கை வேறு. தடை உத்தரவு இருந்தால் பல நேரம் "வெளியீட்டுத் தடை நீங்கியது" என்றே செய்தி பின்னால் வரும். தணிக்கை நீங்குவது அப்படி அறிவிக்கப்படுவதில்லை.

---

பதில்: நாற்சந்தி

மேலே இருவரும் சொன்னதில் தகவல் தவறு இல்லை. ஆனால் நெதன்யாகு ஆதரவு, எதிர்ப்பு என்ற கோட்டை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் உங்கள் குழு ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது.

சேனல் 12 நெதன்யாகுவின் கண்ணில் எதிரி. அங்கே அவருடைய வழக்கு, அமைச்சரவைச் சண்டை, நீதித்துறை மாற்றம் எல்லாம் கடுமையாக அலசப்படும். ஆனால் 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவில் சாதாரண மக்கள் செத்ததையும் பட்டினி கிடந்ததையும் அதே சேனல் 12, 13, 11 மூன்றும் மிகக் குறைவாகவே காட்டின. அங்கே யாரும் கையை முறுக்க வேண்டியிருக்கவில்லை. பார்வையாளர் அதைப் பார்க்க விரும்பவில்லை என்ற கணக்கு, பிணைக் கைதிகளின் துயரம், ராணுவத்தில் இருக்கும் தங்கள் பிள்ளைகள், எல்லாம் சேர்ந்த சுயதணிக்கை. ராணுவப் பேச்சாளர் சொல்வது முதல் வரியில் உண்மையாக வரும். மறுப்பு வந்தால் ஐந்தாவது பத்தியில். உள்ளூர் அரசியலில் நம்பகமான ஊடகம் போர்ச் செய்தியிலும் நம்பகமாக இருக்கும் என்று நினைப்பதுதான் ஹீப்ரு தெரியாத வாசகர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

அதற்கும் விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஸ்டே தைமான் ராணுவத் தடுப்பு முகாமில் பாலஸ்தீனக் கைதி வதைபட்ட காணொளியை 2024 ஆகஸ்டில் ஒளிபரப்பியது சேனல் 12. கசிய அனுமதித்த விவகாரத்தில் 2025 அக்டோபர் இறுதியில் ராணுவத் தலைமை வழக்கறிஞரே பதவி விலகினார். நிறுவனத்தைப் பார்த்து முடிவெடுத்தால் இதைத் தவறவிடுவீர்கள். நிருபரைப் பார்க்க வேண்டும்.

வலதுசாரிகளின் வாதத்தையும் நேர்மையாக வைக்கிறேன். பல பத்தாண்டுகள் ஒளிபரப்பு முழுக்க டெல் அவிவ் மேல்தட்டின் கையில் இருந்தது, மதப்பற்றுள்ளவர்களும் குடியேற்றவாசிகளும் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பது அவர்கள் குறை. குறையில் உண்மை இல்லாமல் இல்லை. சேனல் 14 வளர்ந்ததற்கு அதுவே மண். 2014-ல் யூத மரபுச் சேனலாக 20-ஆம் எண்ணில் வந்தது, பிறகு செய்தி ஒளிபரப்ப அனுமதி வாங்கியது, 2021 இறுதியில் 14-க்கு மாறியது. ஆனால் இன்று அது செய்வது குரலற்றவர்களின் குரலாக இருப்பது அல்ல. ஆட்சியில் இருப்பவருக்கு அன்றாடம் துணை நிற்பது. அதன் கருத்துக்கணிப்புகளை எடுக்கும்போது கவனம் தேவை. மற்றச் சேனல்களில் ஆளுங்கூட்டணிக்கு வரும் இடங்களைவிட அங்கே எப்போதும் கூடுதலாக வரும். கணிப்பு நடத்தும் ஷ்லோமோ ஃபில்பர் முன்பு தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் தலைமை இயக்குநர். அதே 4000-ஆம் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி ஆனவர். ஒரு நாள் கணிப்பை வைத்து "நெதன்யாகு எழுச்சி" அல்லது "வீழ்ச்சி" என்று தலைப்புப் போடாதீர்கள். அதே நிறுவனத்தின் முந்தைய மாதக் கணிப்போடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அரசு நேரடியாகத் தொடுவதைத் தனியாகக் குறித்து வையுங்கள், இதுதான் இப்போது வேகமெடுப்பது. 2024 நவம்பர் 24 அன்று அமைச்சரவை ஹாரெட்ஸைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது: அரசு அமைப்புகள் விளம்பரம் தரக் கூடாது, சந்தா நிறுத்தப்பட வேண்டும். பதிப்பாளர் அமோஸ் ஷோக்கன் லண்டனில் பேசிய பேச்சு காரணமாகச் சொல்லப்பட்டது. தொலைத்தொடர்பு அமைச்சர் ஷ்லோமோ கர்ஹியின் ஒளிபரப்பு மசோதா, வணிகச் சேனல்கள் செய்தியைத் தனி நிறுவனம் மூலம் நடத்த வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுகிறது. இந்தத் தனி நிறுவன ஏற்பாடு வெளியிலிருந்து பார்த்தால் காகித விவகாரம். உள்ளே, சேனல் முதலாளி செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டு உத்தரவு போட முடியாமல் நிற்கும் சுவர் அதுதான். கான் பொது ஒளிபரப்பு 2017 மே மாதம் தொடங்குவதற்கு முன்பிருந்தே அதைக் கலைக்கவும் பிரிக்கவும் முயற்சிகள் நடந்தன. 1950 முதல் இயங்கும் ராணுவ வானொலி கலாட்ஸை மூட 2025 டிசம்பரில் அமைச்சரவை முடிவெடுத்தது. ராணுவமே அரசியல் வானொலி நடத்துவது சரியல்ல என்ற பழைய வாதம் நியாயமானதுதான், ஆனால் தேர்தலுக்கு முந்தைய ஆண்டில், விமர்சனக் குரல்கள் உள்ள நிலையத்தை அரசே மூடுவதை நான் சீர்திருத்தம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

---

மேற்குத்திசை

மூவருக்கும் நன்றி. இரண்டு ஐயம். "மூத்த அரசியல் வட்டாரம்" என்று வரும் பெயரில்லாத மேற்கோளை எப்படி எழுதுவது? அல் ஜசீராவை மட்டும் பார்த்தால் போதும் என்பவருக்கு என்ன சொல்வது?

---

பதில்: அச்சுக்கூடம்

அந்த வட்டாரம் பெரும்பாலும் பிரதமர் அலுவலகம். பிரதமர் வெளிநாட்டுப் பயணத்தில் விமானத்தில் கூட வரும் நிருபர்களிடம் பேசினால், பல நேரம் அவரே. ஒரே மணி நேரத்தில் நாலு தளங்களில் ஒரே வாசகத்தோடு வந்தால் அது கசிவு அல்ல, அனுப்பிவைத்த குறிப்பு. "அரசுத் தரப்பு பெயர் சொல்லாமல் நிருபர்களுக்குத் தந்த விளக்கத்தின்படி" என்று எழுதுங்கள். "இஸ்ரேல் ஊடகங்கள் அம்பலப்படுத்தின" என்று எழுதினால் அரசின் வேலையை நீங்கள் செய்து கொடுத்ததாகும்.

---

பதில்: தெற்குவாசல்

அல் ஜசீரா கேள்விக்கு. 2024 ஏப்ரல் 1 அன்று 71-10 என்று நிறைவேறிய சட்டத்தை வைத்து மே 5-ல் இஸ்ரேலுக்குள் அதை மூடினார்கள். செப்டம்பரில் ரமல்லா அலுவலகத்துக்குள் ராணுவம் நுழைந்து பூட்டியது. எனவே இஸ்ரேல் உள்நாட்டுச் செய்தியில் அதற்குத் தரையில் ஆள் இல்லை. காசாவில் நிலைமை நேர்மாறு: 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டு நிருபர்களை இஸ்ரேல் தனியாக உள்ளே விடவில்லை, ராணுவத்தோடு சேர்த்து அழைத்துப்போவது மட்டுமே. அங்கிருந்து வந்தது எல்லாம் உள்ளூர்ப் பாலஸ்தீன நிருபர்கள் உயிரைக் கொடுத்து அனுப்பியது. காசாச் செய்திக்கு அந்த உள்ளூர் நிருபர்களையும் அல் ஜசீராவையும் செய்தி முகமைகளையும் எடுங்கள். கத்தார் அரசின் பணத்தில் நடப்பது என்பதால் கத்தார் சம்பந்தப்பட்ட பேச்சுவார்த்தைச் செய்திகளில் அல் ஜசீராவைத் தனி ஆதாரமாக எடுக்காதீர்கள்.

மேற்குக் கரைக்கும் ராணுவ நடத்தைக்கும் +972, அதன் ஹீப்ருத் துணைத்தளம் லோக்கல் கால், ஹாரெட்ஸ். கூட்டணி அரசியலுக்கு டைம்ஸ் ஆஃப் இஸ்ரேல், கூடவே சேனல் 12 சொன்னதாக வருபவை. வலதுசாரி முகாமுக்குள் என்ன ஓடுகிறது என்று அறிய இஸ்ரேல் ஹயோம் ஆங்கிலப் பக்கமும் அருட்ஸ் ஷேவாவும். இஸ்ரேலுக்குள் வாழும் அரபு மக்கள் பற்றி ஹைஃபாவின் அல் இத்திஹாத், 1944 முதல் வருவது, கம்யூனிஸ்ட் கட்சியுடையது. ஊடகங்களைப் பற்றிய ஊடகச் செய்திக்கு 'ஏழாவது கண்' என்ற கண்காணிப்புத் தளம். ஹீப்ருதான், ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் விஷயம் புரியும். யார் யாருக்கு விளம்பரம் கொடுத்து எந்தச் செய்தி மாதிரி தெரியும் கட்டுரையை வாங்கினார்கள் என்பது வரை அங்கே கிடைக்கும்.

ஹாரெட்ஸுக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலப் பதிப்பில் கருத்துப் பத்தி அதிகம் முன்னால் வரும், பகிரப்படுவதும் அதுதான். கிடியோன் லெவியின் பத்தியை எடுத்து "இஸ்ரேல் ஊடகம் ஒப்புக்கொண்டது" என்று போடாதீர்கள். அது அவர் கருத்து, நாட்டில் மிகச் சிறுபான்மையின் கருத்து. அதே தாளின் புலனாய்வுப் பக்கம் வேறு தரம். 2015-ல் பெஸெக், வல்லா கதையை முதலில் எழுதியது அங்கே கிடி வைட்ஸ்தான். 1977-ல் ராபின் மனைவியின் வாஷிங்டன் வங்கிக் கணக்கை எழுதி ஒரு பிரதமர் விலகக் காரணமானதும் அந்தத் தாள்தான், ராபின் இடதுசாரிக் கட்சித் தலைவராக இருந்தபோது. சந்தா கட்டினால் கட்டணச் சுவருக்குள் இருக்கும் அந்த நீண்ட கட்டுரைகளுக்காகக் கட்டுங்கள்.